காணாமற்போன துப்பாக்கி மீண்டும் கைக்கு வருமா?

நம் சங்கத்து அங்கத்தினர்களில் மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் நிலம் வைத்துப் பயிரிடுவோர் பலர் உண்டு. ஏர், மண்வெட்டி, கதிரரிவாள் ஆகியவற்றோடு, பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் அவர்களில் சிலர் வீட்டில் இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது பாட்டனார் காலத்தில் வாங்கியதாயிருக்கும். ஆண்டில் முக்கால்வாசி நாள் அது பரணிலோ பெட்டியிலோ உறங்கும். அதனால்தான் அது களவு போனாலும் உடனே தெரிவதில்லை. தெரிந்த பின்னும், "பழைய இரும்புதானே, போகட்டும்" என்று வாளாவிருந்துவிடுவாரும் உளர்.

இவ்வாறு போன துப்பாக்கி பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தாலுகாவில் யாரோ ஒருவனிடம் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போலீசார் அதைக் கைப்பற்றுகிறார்கள். அது சாட்சிப் பொருளாக நீதிமன்றத்துச் சொத்தறைக்குச் செல்கிறது. செய்தி உடையவர் காதுக்கு எட்டுகிறது. அப்போது அவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, "கோர்ட்டுக்குப் போன பொருள் திரும்பி வராது" என்பது. மற்றொன்று, "கேட்கப் போனால் வழக்கு நம் தலையில் விழும்" என்பது. முதல் எண்ணம் தவறு. இரண்டாவது எண்ணம், களவு போன அன்று நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. இவ்விரண்டையும் விளக்கி, பொருளை மீட்கும் வழியைப் படிப்படியாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடு தேடிக் கண்ட ஒரு துப்பாக்கி

வழிமுறைகளைச் சொல்லுமுன் உண்மையில் நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1928ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் லாகூரில் சாண்டர்ஸ் என்னும் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அதையொட்டி நடந்த லாகூர்ச் சதி வழக்கில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் மரண தண்டனை பெற்று, 1931ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் தூக்கிலேற்றப்பட்டதை நாடறியும். பகத்சிங்கின் கைத்துப்பாக்கி அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியார் செய்தது; .32 அளவுள்ளது. அவ்வழக்கில் அது சாட்சிப் பொருளாயிற்று.

வழக்கு முடிந்த பின் அத்துப்பாக்கி எங்கே போயிற்று என்பது பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது. அது பஞ்சாபிலுள்ள பில்லோர் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றிருந்தது. அங்கிருந்து 1969ஆம் ஆண்டில் வேறு சில ஆயுதங்களோடு, எல்லைப் பாதுகாப்புப் படையினரின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கென மத்தியப் பிரதேசத்து இந்தூருக்கு அனுப்பப்பட்டது. அங்கே கறுப்பு வர்ணம் பூசப்பட்டு, பத்தோடு பதினொன்றாக அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்தது. பின்னர்ப் பழைய ஆவணங்களில் கண்ட எண்ணை வைத்துத் தேடினார்கள். வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. அதன் பின்னரே அது பகத்சிங்கின் துப்பாக்கி என்பது உறுதியாயிற்று. 2017ஆம் ஆண்டில் அது பஞ்சாபுக்குத் திரும்பி, சட்லெஜ் ஆற்றங்கரையில் அம்மூவரின் நினைவிடம் அமைந்துள்ள ஹுசைனிவாலாவின் காட்சிசாலையில் வைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அவ்வளவு புகழ்பெற்ற துப்பாக்கியையும் அடையாளம் காட்டியது அதன் உருவமன்று. அதன் மேல் பொறித்திருந்த ஆறு இலக்கங்களும், அந்த இலக்கங்களை எங்கோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததுமே ஆகும். நம் வீட்டுத் துப்பாக்கிக்கும் இதே நியாயந்தான். எண்ணும் ஏடும் ஒத்திருந்தால் பொருள் எத்தனை ஆண்டு கழிந்தாலும் உடையவரைத் தேடி வரும். இரண்டில் ஒன்று இல்லையெனில், கண்முன் கிடந்தாலும் "இது என்னுடையது" என்று மெய்ப்பிக்க இயலாது.

களவு தெரிந்த அன்றே செய்யவேண்டுவன

துப்பாக்கி காணாமற்போயிற்று என்று தெரிந்தவுடன் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். இது லைசென்ஸ்தாரர் மீது சுமத்தப்பட்டுள்ள கடமையாகும். காணாமற்போன பித்தளைக் குடத்தைப் பற்றிப் புகார் செய்யாமலிருந்தால் நஷ்டம் நமக்கு மட்டுமே. துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. நாம் மௌனமாயிருக்கும் காலத்தில் அதைக்கொண்டு ஒரு கொலை நேர்ந்துவிட்டால், ஏட்டின்படி அந்தத் துப்பாக்கி நம் கையில் இருப்பதாகவே கொள்ளப்படும். "முன்பே களவு போயிற்று" என்று பின்னர்ச் சொன்னால் நம்புவார் யார்? புகாரின் தேதியே அப்போது நமக்குக் கவசமாகும்.

சிலர், வீட்டில் சரியாகப் பூட்டி வைக்காத குற்றம் தம்மீது வருமோ என்று அஞ்சிப் புகார் கொடுக்காமல் விடுகிறார்கள். அஜாக்கிரதைக்காக அதிகாரிகள் விளக்கம் கேட்கலாம். லைசென்ஸ் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கலாம். ஆயினும், மறைத்ததனால் வரும் கேட்டை நோக்க அது மிகச் சிறிதே என்பதை உணர வேண்டும்.

புகாரில் துப்பாக்கியின் வகை, குழலின் எண்ணிக்கை, செய்தவர் பெயர், எண், லைசென்ஸ் எண், கடைசியாகப் பார்த்த நாள், காணாமற்போனதை அறிந்த நாள், உடனிருந்த தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். கட்டையில் வெடிப்பு, கம்பிக் கட்டு, பெயர் வெட்டியிருத்தல் போன்ற தனி அடையாளங்களையும் சேர்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டுமென்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, களவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையன்று" என்று திருப்பியனுப்பலாகாது.

அந்நகலின் மற்றொரு பிரதியோடு, லைசென்ஸ் வழங்கிய அதிகாரிக்கும் ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இத்தனையும் செய்த பின், சில மாதங்களில், குற்றவாளி கண்டுபிடிக்கப்படவில்லை என்று போலீசார் வழக்கை முடித்து அறிவிப்பு அனுப்பலாம். அதைக் கண்டு மனந்தளர்ந்து காகிதங்களை எறிந்துவிடலாகாது. வழக்குக் கட்டு மூடப்பட்டாலும் பொருளின் மீது நமக்குள்ள உரிமை மூடப்படுவதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து நமக்குத் துணைநிற்கப்போவது அந்தக் காகிதங்களே.

எண்ணை அழித்துவிட்டால்?

திருடியவன் முதலில் செய்வது அரம் கொண்டு எண்ணை ராவிவிடுவதே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவனிடம் இருந்தால், அவனே அழித்தான் என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில், நீதிமன்றம் அனுமானிக்கும்.

ஆனால் கண்ணுக்கு மறைந்த எண் உலோகத்தினின்றும் முழுவதும் மறைந்துவிடுவதில்லை. உளியால் எண்ணைப் பொறிக்கும்போது அந்த அடியின் வேகம் மேற்பரப்பில் மட்டும் தங்குவதில்லை. அதன் கீழேயுள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேற்பரப்பை ராவிய பின்னும் இறுகிய அடிப்பாகம் எஞ்சியிருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் அவ்விடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திரவத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவுவார்கள். அடிபட்ட உலோகமும் அடிபடாத உலோகமும் ஒரே விதமாக அரிக்கப்படுவதில்லை. ஆகவே அழிந்த எண் நிழல் போல மேலெழும். சில சமயம் சிறிது நேரமே தெரிந்து மறையும். அதற்குள் படம் எடுத்துக்கொள்வார்கள். மிக ஆழமாக ராவியிருந்தால் இம்முறை பலிக்காது.

ஆகவே, எண் இல்லை என்று போலீசார் சொல்வதோடு நின்றுவிடாமல், தடய அறிவியல் சோதனைக்கு அனுப்புமாறு எழுத்து மூலம் வேண்டுவது நன்று. முன்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கிகள் சிலவற்றில் செய்தவர் எண்ணே இராது. அவற்றின் குழலில் பின்னால் பொறித்த அடையாளமும் கட்டையின் தனி அடையாளங்களுமே சாட்சியாகும்.

கைப்பற்றிய பொருள் செல்லும் வழி

போலீசார் ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதற்கு மகஜர் எழுதிச் சாட்சிகளின் கையொப்பம் பெற்று, மாஜிஸ்டிரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன்பின் அப்பொருள் போலீசாரின் சொந்தப் பொறுப்பில் இருப்பதன்று. நீதிமன்றத்தின் கட்டளைக்கு உட்பட்டதாகும். ஆகவே சப்-இன்ஸ்பெக்டரை நாள்தோறும் சென்று வேண்டிக்கொள்வதால் பயனில்லை. அவர் மனமிரங்கினாலும் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றித் துப்பாக்கியைக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை.

பொருளை ஒப்படைப்பது பற்றிச் சட்டம் மூன்று நிலைகளைக் கூறுகிறது.

முதலாவது, வழக்கு நடந்துகொண்டிருக்கும் நிலை. இதற்குரியது 497ஆம் பிரிவு. பொருள் நீதிமன்றத்தில் கொண்டுவரப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப்பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். நிழற்படம் எடுக்கப்பட வேண்டும். பட்டியல் தயாரான 30 நாட்களுக்குள் அதை ஒப்படைப்பதா, வேறு வகையில் தீர்ப்பதா என்று உத்தரவிட வேண்டும். அப்பட்டியலும் படமும் விசாரணையில் சாட்சியமாகப் பயன்படும்.

இரண்டாவது, வழக்கு முடிந்த நிலை. இதற்குரியது 498ஆம் பிரிவு. தீர்ப்பின்போதே பொருள் யாருக்குரியது என்று நீதிமன்றம் உத்தரவிடும். பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பெற்றாலன்றி, அவ்வுத்தரவு இரண்டு மாதங்கள் நிறைவேற்றப்படாது. அப்பீல் செய்யப்பட்டால் அது முடியும் வரையில் நிறைவேறாது. இவ்வுத்தரவு நமக்குப் பாதகமானால் 500ஆம் பிரிவின் கீழ் அப்பீல் உண்டு.

மூன்றாவது, போலீசார் கைப்பற்றியும் விசாரணைக்காக நீதிமன்றத்தில் கொண்டுவரப்படாத நிலை. புதரிலும் கிணற்றிலும் ஆளின்றிக் கிடைக்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் இவ்வகையின. இதற்கு 503ஆம் பிரிவு உண்டு. உடையவர் தெரியாவிடில் மாஜிஸ்டிரேட் பொது அறிவிப்பு வெளியிடலாம். உரிமை உடையவர் 6 மாதங்களுக்குள் வந்து மெய்ப்பிக்க வேண்டும். வராவிட்டால் 504ஆம் பிரிவின்படி பொருள் அரசாங்கத்தின் தீர்வுக்குப் போய்விடும். ஆகவே துப்பாக்கி கிடைத்ததாகச் செய்தி வந்தால், "அறுவடை முடியட்டும், பார்ப்போம்" என்று தள்ளிப்போடலாகாது.

2024 ஜூலை 1க்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகள் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடரும். அதில் மேற்சொன்ன பிரிவுகளின் எண்கள் முறையே 451, 452, 454, 457, 458 ஆகும்.

கைப்பற்றிய பொருள்கள் போலீஸ் நிலையங்களில் நெடுநாள் தேங்குவதால் விளையும் கேட்டை உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றில் எடுத்துக்காட்டியது. குஜராத்தில் காவலில் வைத்திருந்த வழக்குப் பொருள்களைப் போலீசாரே மாற்றி வைத்தார்கள், கையாடினார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து எழுந்தது அவ்வழக்கு. பொருள்களை 15 நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. மகஜரும் படமும் எடுத்துக்கொண்டு, தக்க பிணை பெற்று உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்தியது. மனு எழுதும் வக்கீல் இத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டுவது பயன் தரும்.

ஆயினும் ஒன்று கூற வேண்டும். நம் துப்பாக்கி வெறுங்களவு வழக்கில் அகப்பட்டிருந்தால் விரைவில் பெற இடமுண்டு. அதைக்கொண்டு கொலையோ கொள்ளையோ நடந்திருப்பின், சாட்சிகளிடம் காட்டவும் நிபுணர் சோதிக்கவும் அதே பொருள் தேவைப்படும். அப்போது விசாரணையும் அப்பீலும் முடியும் வரையில் நீதிமன்றம் கொடுக்கத் தயங்குவது இயல்பே. அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனாலும் மனுவை முன்கூட்டியே கொடுத்து வைத்தால், உரிமை கோருபவர் ஒருவர் உண்டு என்பது கட்டில் பதிவாகிவிடும். முடிவில் அரசாங்கத்திற்குப் பறிமுதலாகாமல் காக்கும்.

மனுவில் இருக்க வேண்டியவை

மனு, கைப்பற்றிய போலீஸ் நிலையத்தின் எல்லைக்குரிய மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட வேண்டும். நாம் குடியிருக்கும் ஊரின் நீதிமன்றத்தில் அன்று. அதில் பின்வருவன தெளிவாக இருத்தல் வேண்டும்.

1. கைப்பற்றிய நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும், நீதிமன்றத்துச் சொத்துப் பதிவேட்டின் எண்ணும்.

2. துப்பாக்கியின் வகை, எண், அடையாளங்கள். மகஜரில் எழுதியிருப்பதோடு இவை ஒத்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் திருத்தம் கோர வேண்டும்.

3. துப்பாக்கி நமக்கு வந்த விதம்: வாங்கிய ரசீது, அல்லது லைசென்ஸில் பதிந்துள்ள விவரம்.

4. களவு போன விதமும், அதைப் பற்றிய முதல் தகவல் அறிக்கையின் நகலும், லைசென்ஸ் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலும்.

5. தற்போது நடப்பிலுள்ள லைசென்ஸின் நகல்.

6. கேட்கும்போது கொண்டுவந்து ஆஜர்படுத்துவதாகவும், வழக்கு முடியும் வரையில் விற்பதோ மாற்றுவதோ செய்வதில்லை என்றும் உறுதிமொழி.

நீதிமன்றம் அரசாங்க வக்கீலின் கருத்தைக் கேட்டு உத்தரவிடும். உத்தரவில் கண்ட தொகைக்குப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, சொத்தறைக் குமாஸ்தாவின் முன்னிலையில் எண்ணைச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிட்டுப் பெற வேண்டும். அங்கே பல துப்பாக்கிகள் ஒன்றாகக் கிடக்கும். கட்டிய சீட்டு உதிர்ந்து, ஒன்று மற்றொன்றாய் வந்துவிடக்கூடும்.

இடையில் வேறொருவர் பணம் கொடுத்து வாங்கியதாகச் சொன்னால் என் செய்வது என்று கேட்கலாம். திருடியவனுக்கு இல்லாத உரிமையை அவன் பிறருக்கு விற்க இயலாது. அறியாமல் வாங்கினேன் என்பதால் வாங்கியவர் உடையவராகிவிட மாட்டார். சிவில் வழக்குத் தொடர நேரிட்டாலும், களவு போன பொருளைப் பொறுத்தவரை 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கூறும் மூன்று ஆண்டுகள், களவு போன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அது யாரிடம் இருக்கிறது என்று உடையவர் முதன்முதல் அறிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். நெடுங்காலத்திற்கு முன் பொருளை இழந்தவர்களுக்கு இது பெரும் ஆறுதலாகும்.

லைசென்ஸ் தீர்ந்துபோயிருந்தால்

மீட்பு முயற்சிகளில் பல தடைப்படுவது இவ்விடத்திலேதான். துப்பாக்கியே இல்லாதபோது லைசென்ஸை எதற்குப் புதுப்பிப்பது என்று விட்டுவிடுகிறோம். பின்னர்த் துப்பாக்கி கிடைக்கும்போது, உடைமை நம்முடையதாயினும் அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை நமக்கில்லாமற் போகிறது. உடைமை வேறு, வைத்திருக்கும் அனுமதி வேறு என்பதை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். முன்னது ரசீதால் வருவது. பின்னது லைசென்ஸால் வருவது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் நீதிமன்றமும் துப்பாக்கியைக் கொடுக்க இயலாது.

முன்பு மூன்று ஆண்டாயிருந்த லைசென்ஸின் காலம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்து ஆண்டாக்கப்பட்டுள்ளது. மேலும் இப்போது ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் தேசியப் பதிவில் தனி அடையாள எண் இருத்தல் அவசியம். பழைய கைப்புத்தக லைசென்ஸை மட்டும் வைத்திருப்போர், அவ்வெண் தமக்கு உண்டா என்று லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். துப்பாக்கி களவு போயிருந்தாலும் லைசென்ஸைக் கைவிடாமல், களவு விவரத்தைக் குறிப்பிட்டு அதிகாரியின் உத்தரவைப் பெறுவதே அறிவுடைமை.

லைசென்ஸ் இல்லாதவர் முற்றிலும் வழியற்றவர் என்பதன்று. துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் தம் பெயரில் ஒப்படைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டலாம். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் அவ்வாறு வைக்கப்பட்ட துப்பாக்கியை, குறித்த காலத்திற்குள் புதிய லைசென்ஸ் பெற்று மீட்கலாம். அல்லது வைத்திருக்க உரிமையுள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் பெறலாம். காலம் கடந்தால் மாவட்ட மாஜிஸ்டிரேட்டின் உத்தரவால் அது அரசாங்கத்தைச் சேரும்.

உடையவர் இறந்துவிட்டிருப்பின் வாரிசு கேட்கலாம். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். வாரிசு 21 வயது நிரம்பியவராக இருந்து தம் பெயரில் லைசென்ஸ் பெற வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதி வாரிசுகளுக்கு லைசென்ஸ் வழங்குவதற்கென்றே உள்ளது. உடையவர் உயிரோடிருக்கும்போதே, 70 வயது நிரம்பினாலும், துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலும், தம் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க அவ்விதி இடமளிக்கிறது. முதியோர் இதைப் பயன்படுத்திக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பின்னால் அலைச்சல் இராது.

கைக்கு வந்த பின்

பல ஆண்டு சொத்தறையில் கிடந்த துப்பாக்கியை ஆவலோடு எடுத்துக் குதிரையை இழுத்துப் பார்க்கலாகாது. முன்வாய்த் துப்பாக்கியில் கெட்டித்த கருமருந்து, ஈரம் படாதிருந்தால், பல ஆண்டு கழித்தும் தீப்பற்றும். குழலினுள் மருந்து இருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலினுள் முடிந்த மட்டும் விட்டு, வாயருகே அடையாளம் செய்துகொண்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால், கம்பி அடிவரை போயிற்றா, இடையில் தடைப்பட்டதா என்பது விளங்கும். இதைச் செய்யும்போது குழலின் வாய்க்கு நேராக முகத்தையோ கையையோ வைக்கலாகாது. தடை இருப்பின் தொடாமல், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விட வேண்டும். உள்ளே துருவேறிய குழல் சுடும்போது வெடித்துச் சிதறக்கூடும். ஆகவே அவர் சோதித்துச் சொல்லாமல் ஒருமுறையும் சுடலாகாது.

மீட்ட செய்தியை லைசென்ஸ் அதிகாரிக்கும் நம் ஊர்ப் போலீஸ் நிலையத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்து, லைசென்ஸில் பதியச் செய்துகொள்ள வேண்டும். இல்லையெனில் ஏட்டில் அது களவு போன துப்பாக்கியாகவே நிற்கும். வழியில் ஒரு போலீஸ்காரர் எண்ணைப் பார்த்தால் நம்மையே நிறுத்திக் கேட்க நேரும்.

பயிர்க்காவல் லைசென்ஸ் என்பது காட்டு விலங்குகளைக் கொல்ல அனுமதியன்று என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டைக் குற்றத்திற்குப் பயன்பட்ட ஆயுதம் கைப்பற்றப்பட்டால் அது அரசாங்கத்தின் சொத்தாகிவிடும். களவு போன துப்பாக்கியை மீட்கலாம். குற்றத்தில் பறிபோன துப்பாக்கியை மீட்பது அரிது.

தேர்தல் காலத்தில் உத்தரவுப்படி போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கி வழக்குப் பொருளன்று. அதற்கு நீதிமன்ற மனு தேவையில்லை. ஒப்படைத்தபோது பெற்ற ரசீதைக் காட்டி, தேர்தல் முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பெறலாம். அந்த ரசீதிலும் எண்ணைச் சரிபார்த்து வாங்குவது அவசியம்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் சங்கத்திற்கும்

இது விவசாயிகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று நெசவாளர் அங்கத்தினர்கள் கருதலாகாது. களவு போன நூல் சிப்பம், பட்டுப் பாவு, நெய்து முடித்த சேலைக் கட்டு, தறி மோட்டார் ஆகியவை போலீசாரால் மீட்கப்பட்டால் அவற்றைப் பெறும் வழியும் மேற்சொன்ன பிரிவுகளேயாகும். துப்பாக்கிக்கு வேண்டிய லைசென்ஸ் இவற்றிற்கு வேண்டாம் என்பது ஒன்றே வேற்றுமை. நாள் செல்லச் செல்லப் பூச்சியரிப்பதும் சாயம் மங்குவதுமான சரக்காதலால், விரைவில் ஒப்படைக்கக் கோருவதற்குக் காரணமும் வலியது. சிப்பத்தின் சீட்டு எண், மோட்டாரின் எண், சேலையின் நிறமும் கரையும் குறித்த சங்கத்து ஏடு ஆகியவையே அங்கே சாட்சி.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு பதிவேட்டைத் தொடங்குவது நலம். அங்கத்தினர் விரும்பிக் கொடுக்கும் விவரங்களான துப்பாக்கி எண், லைசென்ஸ் முடியும் நாள், பம்புசெட் எண், தறி மோட்டார் எண் ஆகியவற்றை அதில் எழுதி, அங்கத்தினரின் கையொப்பத்தோடு பூட்டி வைக்கலாம். வீட்டில் தீப்பட்டாலும் வெள்ளம் புகுந்தாலும் அந்த எண் சங்கத்தில் இருக்கும். லைசென்ஸ் முடியும் நாளுக்கு முன்பே காரியதரிசி ஒரு அட்டை எழுதி நினைவூட்டலாம். வக்கீலுக்குக் கொடுக்க வகையற்ற அங்கத்தினருக்கு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகத் தகுதிக்கேற்ப இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

பழைய துப்பாக்கி ஒன்று விலைக்குப் பெரிதாக மதிப்புப் பெறாமலிருக்கலாம். ஆயினும் அது தவறான கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் உயிருக்கு ஆபத்து. ஏட்டில் நம் பெயரில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நமக்குப் பொறுப்பு. அதை மீட்பது உடைமையைக் காப்பது மட்டுமன்று, அப்பொறுப்பை ஒழுங்காக முடிப்பதுமாகும். இக்கட்டுரையைப் படிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலையே தம் வீட்டுத் துப்பாக்கியை எடுத்து, குழலில் உள்ள எண்ணையும் லைசென்ஸில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி, வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துவாராக. கால் நாழிகை வேலை இது. பின்னால் நேரக்கூடிய பல ஆண்டு அலைச்சலை அது மிச்சப்படுத்தும்.